பாலைவன வீட்டில் சிலந்திக் கட்டுப்பாடு: பல கோடைகளுக்குப் பிறகு எது பலித்தது, எது காசுக்குக் கேடு

பாலைவனத் தட்பவெப்பத்தில் வீட்டைச் சுற்றிச் சிலந்தியே இல்லாமல் செய்துவிடலாம் என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். குறைக்கலாம், நன்றாகவே குறைக்கலாம். வாசல், கராஜ், குழந்தைகள் புழங்கும் இடம் ஆகியவற்றிலிருந்து விஷமுள்ளவற்றை விலக்கி வைக்கலாம். ஸ்பிரே, பசை அட்டை, வாசனை எண்ணெய், சுவரில் செருகும் மின்கருவி, பூச்சிக்கட்டுப்பாட்டு ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கடை அலமாரியில் முன்னால் நிற்கும் மருந்து பாட்டில் என் பட்டியலில் கடைசியில் இருக்கிறது. மேலே இருப்பவை வேக்யூம் கிளீனர், டார்ச், வாசல் பல்பு.

முதலில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். வீட்டு மூலையில் குச்சிக் கால்களோடு தொங்கிக்கொண்டு, தொட்டால் உடம்பை ஆட்டும் சிலந்தியால் ஒரு தொல்லையும் இல்லை. ஒட்டடைதான் மிச்சம். தரையில் விறுவிறுவென்று ஓடும் ஓநாய்ச் சிலந்தி பார்க்கத்தான் மிரட்டும். ராத்திரி டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து முற்றத்தைப் பார்த்தால் மணலில் சின்னச் சின்னப் பொறிகளாக மின்னுமே, அவை அதன் கண்கள். ஒட்டகச் சிலந்தி என்று எல்லோரும் அலறுகிற பிராணி உண்மையில் சிலந்தியே இல்லை. அதற்கு விஷச் சுரப்பி கிடையாது, கடித்தால் வலிக்கும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை இரண்டு இனங்கள். ஒன்று விதவைச் சிலந்தி. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைகளில் இதை பிளாக் விடோ என்பார்கள், பளபளக்கும் கறுப்பு உடம்பு, வயிற்றின் அடியில் சிவப்பாக ஓர் உடுக்கை வடிவம். ஆஸ்திரேலியாவில் இதன் உறவான ரெட்பேக்கிற்கு முதுகில் சிவப்புக் கோடு. இதன் விஷம் நரம்பைத் தாக்கும். கடிபட்டவருக்கு வலி பரவி, தசைகள் இழுத்து, வயிறு விறைத்துக்கொள்ளும். ரெட்பேக்கிற்கு 1956-லேயே விஷமுறிவு மருந்து வந்துவிட்டது, இன்று சாவு மிக அபூர்வம். இன்னொன்று ரெக்ளூஸ். மங்கிய பழுப்பு நிறம், பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண் என்றால் இதற்கு ஆறுதான், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. வலையில் உட்கார்ந்து காத்திருக்காது, ராத்திரியில் அலைந்து திரியும். கடித்த இடத்தில் சில சமயம் சதை அழுகிப் புண்ணாகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டார்ச்சும் வேக்யூமும்தான் என் முதல் சிபாரிசு. விதவைச் சிலந்தி பகலில் ஏதாவது பொந்தில் பதுங்கியிருக்கும், தேடினாலும் கிடைக்காது. இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் போனால் வலையின் நடுவில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். முட்டிக்கால் உயரத்துக்குக் கீழேதான் பெரும்பாலும். ஏசி வெளி யூனிட்டின் அடிப்பக்கம், குழாய் மீட்டர் பெட்டி, வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் அடி, பூந்தொட்டி விளிம்பு, சுற்றுச்சுவரின் ஓட்டைகள். ஒழுங்கான வட்ட வலை கட்டுகிற ஜாதி இல்லை இது. கோணல்மாணலாக நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கும். அது இந்த வலைதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு குச்சியால் மெல்லச் சுருட்டிப் பாருங்கள். சாதாரண ஒட்டடை சத்தமில்லாமல் குச்சியோடு வந்துவிடும். விதவையின் நூல் மட்டும் மெல்லிய காகிதம் கிழிவதுபோல் படபடவென்று சத்தம் போட்டு அறும். அவ்வளவு உறுதி. இன்னொரு அடையாளம் புழுதி. இந்தக் காற்றில் பழைய வலை சில நாளிலேயே தூசி படிந்து பழுப்பாகிவிடும். தூசியே இல்லாமல், வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிகிற வலை என்றால் குடியிருப்பவள் வீட்டில்தான் இருக்கிறாள்.

அங்கேயே வேக்யூமின் நீளக் குழாயை நீட்டி வலை, சிலந்தி, முட்டைப்பை மூன்றையும் சேர்த்து இழுத்துவிடுவேன். இதில் முட்டைப்பைதான் பெரிய வெற்றி. வெளிறிய பழுப்பில், காகிதத்தால் செய்த உருண்டை மாதிரி, கொண்டைக்கடலை அளவில் தொங்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டை, ஒரு கோடையில் ஒரே சிலந்தி பல பைகள் கட்டும். பொரிய இரண்டு முதல் நாலு வாரம். அதனால் வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று வந்தாலே அடுத்த தலைமுறையைத் தடுத்துவிடலாம். எந்த ஸ்பிரேயும் இந்த வேலையைச் செய்வதில்லை, மருந்து முட்டைப்பையின் பட்டுக்குள் சரியாக இறங்காது. முடிந்ததும் வேக்யூமின் பையை உடனே கட்டி வெளிக் குப்பையில் போட வேண்டும். கழற்றாமல் அலமாரியில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

யுவி (புற ஊதா ஒளி) டார்ச் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தேளுக்கு வாங்குங்கள், அது பச்சையாக ஒளிரும். சிலந்தி வேட்டைக்குச் சாதாரண வெள்ளை டார்ச் போதும், சாய்வாக அடித்தால் நூல் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது வாசல் பல்பு. செலவு குறைவு, பலன் அதிகம் என்று பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் முதலிடம். சிலந்திக்கு நம் வீட்டின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது, அந்துப்பூச்சி வருகிற இடத்தில் அது கடை போடும். நீலம் கலந்த குளிர்வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை அதிகமாக இழுக்கிறது. அதை 2700 கெல்வின் (பல்பு டப்பாவில் போட்டிருக்கும் வெளிச்ச நிற அளவு) அல்லது அதற்கும் குறைந்த மஞ்சள் எல்இடியாக மாற்றி, ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சாரும் போட்டேன். கதவு நிலையைச் சுற்றித் தினம் முளைத்துக்கொண்டிருந்த வலைகள் அந்த சீசனிலேயே குறைந்துவிட்டன. முடிந்தால் விளக்கைக் கதவுக்கு மேலே வைக்காமல் கொஞ்சம் தள்ளி நட்டு, கதவைப் பார்த்து அடிக்கும்படி திருப்புங்கள். பூச்சியும் அங்கே, சிலந்தியும் அங்கே, கதவு தப்பித்தது.

தண்ணீர் விஷயம் பாலைவனத்துக்கே உரியது. சுற்றிலும் வறண்டு கிடக்க, ஏசியிலிருந்து சொட்டுகிற ஈரமும் சொட்டுநீர்க் குழாய் நனைக்கிற மண்ணும்தான் கரப்பானுக்கும் சுவர்க்கோழிக்கும் சோலை. அவற்றின் பின்னாலேயே சிலந்தி வரும். சுவரை ஒட்டி ஓடிய சொட்டுநீர்க் குழாயை ஓரடிக்கு மேல் தள்ளிப் போட்டதும், ஏசித் தண்ணீரை ஒரு குழாய் வழியாகச் செடிக்குத் திருப்பியதும் மருந்தே இல்லாத மருந்து. சுவரைத் தொடுகிற செடிகளையும் வெட்டிவிடுங்கள். தோட்டக் குழாயின் வால்வு பெட்டியைத் திறக்கும்போது மட்டும் கவனம்: மூடியின் உள்பக்கம் விதவைச் சிலந்திக்கு ரொம்பப் பிடித்த இடம். கையுறை போட்டு, குச்சியால் நெம்பித் திருப்பிப் போட்டுப் பார்த்த பிறகுதான் கையை விட வேண்டும்.

கதவடி ரப்பர் பட்டை நல்ல பொருள்தான், ஆனால் வெயில் அதைத் தின்றுவிடுகிறது. மேற்குப் பார்த்த கதவில் போட்ட மலிவு ரப்பர் ஒன்றிரண்டு கோடையில் கட்டையாகி வெடித்துவிட்டது. அலுமினியச் சட்டத்தில் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் அதைத்தான் சொல்வேன். விரிசல் அடைக்க சிலிக்கான். அக்ரிலிக் பூச்சு இந்த வெயிலில் சுருங்கிப் பிரிந்துவிடும். எங்கே இடைவெளி என்று கண்டுபிடிக்க, ராத்திரி வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் நுழையும் இடத்தில் பூச்சியும் நுழையும். செங்கல் சுவரில் அடியில் விட்டிருக்கும் வடிகால் துளைகளை மட்டும் சிலிக்கானால் மூடிவிடாதீர்கள், சுவருக்குள் ஈரம் தங்கிவிடும். துருப்பிடிக்காத கம்பி வலை வைத்தால் போதும்.

பசை அட்டைகளைக் கொல்லும் கருவியாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். உளவு பார்க்கும் கருவியாக நினைத்தால் பிரமாதம். கராஜ் கதவின் இரு ஓரங்களிலும், கட்டிலுக்கு அடியிலும், வாஷிங் மெஷின் பின்னாலும் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எது உள்ளே வருகிறது என்று அட்டையே சொல்லும். ரெக்ளூஸ் மாதிரி அலைகிற வகை மாட்டும். வலையிலேயே உட்கார்ந்திருக்கும் விதவை மாட்டாது. கராஜில் புழுதி படிந்து பசை சீக்கிரம் செத்துவிடுகிறது, வீட்டுக்குள் வைத்தது நெடுநாள் வருகிறது. பல்லி ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்ல விடுவியுங்கள். பூச்சி பிடிப்பதில் பல்லிதான் நமக்குச் சம்பளமில்லா ஆள், அதை இழக்கக் கூடாது.

இப்போது மருந்து. கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்கள் பெரும்பாலும் பெரித்ராய்டு என்கிற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகை. நேராகச் சிலந்தி மேல் அடித்தால் சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி வேலிபோல அடித்து வைப்பது சிலந்திக்குப் பெரிதாக உறைப்பதில்லை. கரப்பான் தரையோடு வயிறு உரச நடந்து, காலையும் மீசையையும் வாயால் சுத்தம் செய்யும்போது மருந்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. சிலந்தி கால் நுனியில் உடம்பைத் தூக்கி நடக்கிறது. தரையில் படிந்த மருந்து அதன்மேல் ஏறுவது கொஞ்சம்தான். போதாக்குறைக்கு வெயில் மருந்தைச் சிதைக்கும், புழுதி அதன்மேல் படிந்து மூடிவிடும். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் வாரக்கணக்கு நிழலான இடத்துக்குத்தான் பொருந்தும். ஸ்பிரேயால் கரப்பானும் சுவர்க்கோழியும் குறைந்து, அதனால் சிலந்தியும் குறையலாம், அதுவும் சுற்றுவழிதான். டயட்டோமேசியஸ் பவுடர் (பூச்சியை உலர்த்திக் கொல்லும் நுண்பாசிப் படிவத் தூள்) ஈரம் படாதவரை வீரியம் குறையாது, அந்த வகையில் நம் வறட்சிக்கு ஏற்றது. வால்வு பெட்டிக்குள்ளும் சுவர்ப் பொந்துகளிலும் மெல்லத் தூவலாம். மூக்கை மூடிக்கொண்டு தூவுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களை வைத்ததில் எனக்குக் கலவையான அனுபவம். ஒரு நிறுவனத்து ஆள் வருவார், அடிச்சுவரில் சர்ரென்று மருந்து அடிப்பார், பில் கொடுத்துப் போவார், வலைகள் அப்படியே இருக்கும். இன்னொருவர் நீளக் கம்பில் பிரஷ் மாட்டிக் கூரை விளிம்பிலிருந்து வலைகளை வழித்தெடுத்துவிட்டுத்தான் மருந்தைத் தொடுவார். ஒப்பந்தம் போடும்முன் "வலையும் முட்டைப்பையும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று விற்கிற, சுவரில் செருகும் அல்ட்ராசோனிக் கருவி சுத்த வீண். என் வீட்டில் அது செருகியிருந்த பிளக்குக்கு மேலேயே வலை கட்டியிருந்தது. ஆதாரமில்லாமல் இவற்றை விளம்பரப்படுத்துவது பற்றி அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2001-லேயே தயாரிப்பாளர்களை எச்சரித்திருக்கிறது. புதினா எண்ணெயில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சோதனைகளில் சில வகைச் சிலந்திகள் அதை ஒதுக்கின, எலுமிச்சை எண்ணெயை ஒதுக்கவில்லை. ஆனால் இந்தக் காற்றில் வாசனை எத்தனை நேரம் நிற்கும்? மூடிய அலமாரிக்குள் வேண்டுமானால் வைக்கலாம்.

ரெக்ளூஸுக்காகச் செய்ய வேண்டியது வேறு. அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறுவது, கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி விரிப்பு தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது, கராஜில் கிடக்கும் ஷூவையும் தோட்டக் கையுறையையும் உதறிவிட்டுப் போடுவது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்; கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வலி பரவினாலோ வயிறு இறுகினாலோ, புண் கறுத்தாலோ உடனே மருத்துவமனை. குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்காமல் போய்விடுங்கள். சிலந்தியை படம் எடுத்துக்கொண்டு போனால் நல்லது.

வருடத்தில் இரண்டு சமயங்களில் இவ்வளவு செய்தும் எண்ணிக்கை ஏறும். மழை பெய்து பூச்சிகள் பெருகிய சில வாரங்களுக்குப் பிறகு ஒரு தரம். வெயில் தணியும்போது ஆண் சிலந்திகள் பெண்ணைத் தேடி அலைகையில் இன்னொரு தரம். அப்போது மருந்தைக் கூட்டாமல் டார்ச் சுற்றைத்தான் கூட்டுகிறேன்.

என்னால் இன்னும் தீர்க்க முடியாதது பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் ஹாலோ பிளாக் மதில். உள்ளே முழுக்கப் பொந்து, மேல்மூடியில் விரிசல். நம் பக்கத்தை அடைத்தால் அந்தப் பக்கம் வழியாக வருகின்றன. மேல்விரிசலைச் சிமெண்டால் பூச இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து செலவு செய்ய வேண்டும், அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.