டிரம்ஸுக்கு கிளிப் மைக்: சென்ஹைசர் இ604
தர்மபுரில ஆர்கெஸ்ட்ரால டிரம்ஸ் வாசிக்கிறேன், முன்ன விலை கம்மியா ஒரு கண்டென்சர் கிளிப் மைக் வச்சிருந்தேன், பென்னாகரம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழால அந்த மைக் வேல செய்ய மிக்சர்லருந்து கேபிள் வழியா வர வேண்டிய 48 வோல்ட் கரண்ட் (பேன்டம்) வரல, ஸ்னேர் டிரம் சத்தம் ஜனங்களுக்குப் போகவே இல்ல, மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் இ604 மூணு வாங்கினேன். டைனமிக் மைக், பேன்டம் வேண்டியதில்ல, எடை 60 கிராம்தான், 160 டெசிபல் சத்தத்தையும் தாங்கும். ஸ்டாண்டே வேணாம், டிரம்மோட விளிம்புல (ரிம்ல) மாட்டி, தோலுக்கு ரெண்டு விரல் மேல நடுவப் பாத்த மாதிரி திருப்புங்க, மைக்கோட முதுகு ஹைஹேட் (ஜோடி தாளத்தட்டு) பக்கம் இருக்கணும், கார்டியாய்டுங்கறதால பின்னாடி சத்தத்த கம்மியாதான் எடுக்கும். ஸ்டிக்குக்கும் குறுக்க வராது. டாம் டிரம் அடிச்சா நெஞ்சுல வந்து முட்டுதுங்க! கால்ல அடிக்கற பெரிய கிக் டிரம்முக்கு மட்டும் தனி மைக் போட்டுக்கோங்க. ரெக்கார்டிங்குக்கும் இதேதான் வச்சுக்கறேன், தாராளமா வாங்கலாம்.