மடிப்பா, போல்ட்டா, வெல்டிங்கா? தகட்டுச் சிற்பத்தில் இணைப்புதான் முதல் கேள்வி

அசையாமல் நிற்கும் அருவத் தகட்டுச் சிற்பம் செய்ய வருபவர்கள் முதலில் எந்த உலோகம் என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தகடும் தகடும் எப்படிச் சேரப்போகின்றன என்பதை முடிவு செய்ய வேண்டும். சிற்பத்தின் முகமே அதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

வெல்டிங்கின் பலம் முறியாத பரப்பு. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1961 முதல் 1965 வரை செய்த ‘கியூபி’ வரிசையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள் வெயிலை ஏந்தி மினுங்குவதற்கு, போல்ட் தலைகள் குறுக்கிடாத பரப்பும் ஒரு காரணம். ஆனால் மெல்லிய தகட்டுக்கு வெப்பம் எதிரி. 2 மி.மீ. தகட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்தால், அது ஆறிச் சுருங்கும்போது தகட்டின் நடு பிதுங்கிவிடும். 50 மி.மீ.க்கு ஒரு டேக் (தகடுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டிங் புள்ளி) வைத்து, பிறகு 25 மி.மீ. துண்டுகளாக இடம் மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். ஸ்டெயின்லெஸ் இதில் இன்னும் பிடிவாதமானது. சாதா எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், வெப்பத்தையோ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் கடத்தும். மூடிய பெட்டியானால் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள். இல்லாவிட்டால் கடைசி இணைப்பை மூடும்போது உள்ளே சூடேறிய காற்று உருகிய உலோகத்தைத் துளைத்து வெளியேறும்.

போல்ட்டின் அழகைச் சொல்ல அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் போதும். சிகாகோவில் 1974இல் நிறுவிய அவரது ‘ஃபிளமிங்கோ’ சுமார் 16 மீட்டர் உயரம். போல்ட் வரிசைகளும், தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் விலா எலும்பு போன்ற பட்டைகளும் மறைக்கப்படவில்லை, எடையை எது தாங்குகிறது என்று கண்ணே படித்துக்கொள்ளும். பகுதிகளாக ஏற்றிச் சென்று நிற்கும் இடத்தில் பூட்டலாம் என்பது பெரிய வசதி. 3 மி.மீ. தகட்டுக்கு எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட், 6.5 மி.மீ. துளை. இரு தகடுகளையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்தே துளையிடுங்கள், தனித்தனியாகப் போட்டால் நான்காவது துளையிலேயே விலகல் தெரியும். பூட்டுவதற்கு முன்பே உட்பக்கங்களுக்கு ப்ரைமர் அடிக்க வேண்டும். கார்டென் எஃகில் (மேல்துருவே காப்பாக அமையும் எஃகு) போல்ட் இடைவெளி தகட்டின் கனத்தைப்போல் 14 மடங்கைத் தாண்டக் கூடாது. 3 மி.மீ.க்கு அது 42 மி.மீ. தாண்டினால் இடுக்கில் நீர் தங்கி, துரு உப்பித் தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும்.

மடிப்பு இந்த மூன்றில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது. ஒரு மீட்டருக்கு உட்பட்ட முதல் சிற்பத்துக்கு இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். அட்டையில் வெட்டி மடித்துப் பார்த்தது தகட்டிலும் வரும், அட்டை மறுப்பதைத் தகடும் பெரும்பாலும் மறுக்கும். 2 மி.மீ.யை 3 ஆக்கினால் விறைப்பு 3.4 மடங்கு கூடும், எடையும் பாதி ஏறும். அதற்குப் பதிலாக ஓரத்தில் 20 மி.மீ. மடித்துவிட்டால் எடை அதிகம் கூடாமலே அந்த ஓரம் அதைவிட விறைத்து நிற்கும். அலுமினியக் கலவை ரகங்களில் 5052 நன்றாக மடியும், 6061-டி6 கூர்மையான மடிப்பில் விரிசல் விடும். வெட்டு முடிகிற இடத்தில் 3 மி.மீ. துளை போட்டால் கிழிசல் அங்கேயே நிற்கும்.

பார்க்கும்போது சுற்றி நடந்தே பார்க்க வேண்டும். அகலமான பரப்பு சில அடிகளுக்குள் ஒற்றைக் கோடாகச் சுருங்குவது தகட்டுக்கே உரிய இன்பம். பளபளப்பான பெயின்ட் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுத்து அந்தக் கோட்டிலிருந்து கண்ணைத் திருப்பிவிடும். வெல்டிங் செய்த மெல்லிய தகட்டுக்கு மேட் கறுப்பே மேல்.