மழை விட்ட மறுநாள் சிம்ஸ் பூங்கா

இருபத்திரண்டு நாள் எங்கள் வீட்டில் துணி காயவில்லை. ஐப்பசி பாதியில் பிடித்த மழை, கார்த்திகையிலும் விடாமல் கொட்டியது. ஊட்டியைவிட எங்கள் குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. மலையின் கிழக்கு ஓரத்தில் ஊர் இருப்பதால், மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி வருகிற மேகம் முதலில் எங்கள்மேல் வந்துதான் முட்டும். கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயிலும் நின்றுபோனது. பீரோவுக்குள் இருந்த பட்டுப்புடவையில் பூஞ்சணம். அடுப்புக்கு மேலே கொடி கட்டி யூனிஃபார்மை உலர்த்தியதில், பிள்ளைகள் புகை வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

வியாழக்கிழமை காலையில் வாசல் திண்ணையில் மஞ்சளாக ஒரு கட்டம் விழுந்திருந்தது. என் மாமனார் அதில் போய்க் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வெயில் வந்திருச்சு புள்ள, எங்கயாச்சும் போவமா?" என்றார். மூட்டுவலியால் மூன்று வாரமாக வாசற்படி தாண்டாதவர். அவரே கேட்டபிறகு தையல் மிஷினை மூடி வைத்துவிட்டேன். கொடி நிறையத் துணியைப் போட்டுவிட்டு, கோத்தகிரி பஸ் ஏறி சிம்ஸ் பூங்காவில் இறங்கினோம்.

வெளியூர்க்காரர்கள் இந்தப் பூங்காவுக்கு மே மாதம் பழக் கண்காட்சிக்கு வருவார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இதை முழுசாக அனுபவிக்க மழை விட்ட மறுநாள் வாருங்கள் என்பேன். காரணம், பூங்கா இருக்கிற இடம். இது ஒரு பள்ளத்தாக்கு. கேட் மேலே ரோட்டை ஒட்டி இருக்கிறது, குளம் அடியில் இருக்கிறது. மரங்களெல்லாம் வானத்தை மறைக்கிற உயரம். அதனால் வெயில் ஒரேயடியாக வராது. நாங்கள் உள்ளே போன பத்து மணிக்குக் கேட் பக்கத்துப் புல்லில் மட்டும்தான் அடித்தது; கீழே இன்னும் நிழலும் ஈரமும். அது படிப்படியாக இறங்க இறங்க, நாங்களும் கூடவே இறங்கினோம். ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து, வெயில் அடுத்த பெஞ்சுக்கு வந்ததும் எழுந்து அங்கே போய், குளத்தங்கரைக்கு வரப் பதினொன்றரை ஆனது. மாமாவின் முழங்காலுக்கும் அந்த நடை சரியாக இருந்தது. இரண்டாவது பெஞ்சில் மஃப்ளரை அவிழ்த்தார், நாலாவதில் ஸ்வெட்டரையும் கழற்றினார்.

வெயில் பட்ட இடத்திலெல்லாம் மரப்பட்டையிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பியது. பைன் பிசினும் நனைந்த மண்ணும் கலந்த அந்த வாசனைக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

1874-ல் தொடங்கிய பூங்கா இது. அப்போதைய சென்னை அரசாங்கத்தில் உயர் பதவியில் இருந்த ஜே.டி. சிம் பெயரை வைத்தார்கள். ஏறக்குறைய முப்பது ஏக்கர். இந்த மலைக்கே உரிய மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டு, நடுநடுவே வெளிநாட்டு மரங்களை நட்டு வளர்த்ததால், பூங்காவில் நடக்கிறோமா சோலைக்காட்டில் நடக்கிறோமா என்று சில இடத்தில் தெரியாது. எனக்கு இங்கே பிடித்ததே அதுதான். பூவுக்காக வருகிறவர்கள் இந்த மாதம் வரவேண்டாம். மழையில் அடிபட்ட ரோஜாச் செடிகள் மொட்டையாக நிற்கின்றன.

ருத்ராட்ச மரத்தடியில்தான் அதிக நேரம் இருந்தோம். மழையில் உதிர்ந்த பழங்கள் நனைந்த சருகுக்குள் கிடந்தன. அப்படி ஒரு நீலம், மயில் கழுத்து நிறம். நான் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். மாமா கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறினார். மேலே தாள் மாதிரி நீலத் தோல், அதற்கடியில் கொஞ்சம் பச்சைச் சதை, உள்ளே சுருக்கம் சுருக்கமாகக் கொட்டை. முப்பது வருஷம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த கை. கொட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிக் கோடுகளை எண்ணி, "அஞ்சு முகம்" என்றார். அவர் பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி குடும்பத்தோடு கப்பலில் வந்து இறங்கியபோது பதினேழு வயது. "அங்கயும் மழை விட்டா இப்புடித்தான் எல்லாரும் லயத்து வாசலுக்கு வந்துருவோம்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இந்த விஷயத்தை இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.

வெளியே ஒரு கடையில் டீ குடித்தோம். கடை பெயர் வேண்டாம். டீ ஆறிப்போய், சர்க்கரை தூக்கலாக இருந்தது. தேயிலை விளைகிற ஊரில் இப்படிக் கொடுப்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் வர்க்கி அருமை. மழைக்காலம் முழுக்க நமுத்த வர்க்கியையே தின்ற வாய்க்கு, கடித்ததும் நொறுங்கி ஏடு ஏடாகப் பிரிந்த அந்த வர்க்கி தனி ருசி.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். பெரியவர்களோடு போனால் பாதி வழியிலேயே திரும்பிவிடலாம், நஷ்டமில்லை. பிடிமானம் உள்ள செருப்பு போடுங்கள். உட்கார ஒரு துண்டு அவசியம், பெஞ்சுப் பலகை உள்ளுக்குள் ஈரம் வைத்திருக்கும். நேரம் இருந்தால் எதிரே தோட்டக்கலைத் துறையின் பழவியல் நிலையத்தில் ஜாம் வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் போகவில்லை. ஒன்றரை மணிக்கே கிழக்கே மேகம் கூடத் தொடங்கியது, கொடியில் துணி கிடந்தது.

வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். தலையணை உறைகூட மொறமொறவென்று காய்ந்திருந்தது. மாமா சட்டைப் பையிலிருந்து ருத்ராட்சத்தை எடுத்து, திண்ணையில் இன்னும் வெயில் மிச்சமிருந்த இடத்தில் வைத்தார்.