ஹார்ன்பில் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் மேப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்

வாட்ஸ்அப்பில் "ஹார்ன்பில் ஸ்பெஷல், சில இடங்களே மீதம்" என்று விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. (ஹார்ன்பில் என்பது நாகாலாந்தில் டிசம்பரில் நடக்கும் நாகா இனங்களின் விழா.) போன டிசம்பரில் நாங்கள் நாலு பேர், நான், மனைவி, அக்கா, அத்தான், இதே மாதிரி ஒன்றை நம்பி 1,86,000 ரூபாய் கட்டிவிட்டு நாகாலாந்து போய் வந்தோம். விமான டிக்கெட் தனி. புகார் நிலுவையில் இருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை, கமெண்டில் கேட்காதீர்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களை ஏமாற்றியது நாகாலாந்துக்காரர்கள் இல்லை. ஏமாற்றியவர் நம் ஊர்க்காரர், சுத்தமான தமிழில் "சார், கவலையே படாதீங்க, அங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்று பேசியவர். அங்கே அவருக்கு ஒரு ஆள்கூட இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

பேக்கேஜ் இதுதான். டிசம்பர் 4 திமாப்பூரில் இறங்குவது, 10 அன்று திரும்புவது. கோஹிமா பக்கத்தில் இருக்கும் கிசாமாவில் விழா. விழா மைதானத்திலிருந்து ஐந்து நிமிட தூரத்தில் "பாரம்பரிய நாகா வீட்டில்" தங்கல். இடையில் ஒரு நாள் லோங்வா கிராமம் போய், தலைவர் வீட்டில் ஒரு கால் இந்தியாவில், ஒரு கால் மியான்மரில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு மாலைக்குள் தங்குமிடம் திரும்புவது. பெர்மிட் செலவு தலைக்கு 1,500. கூடவே பத்துப் பதினைந்து படங்கள் அனுப்பினார். அதில் ஒன்று ஒரு வீட்டின் அடுக்களை. நடுவில் விறகடுப்பு, மேலே பரணில் புகையேறிக் கறுத்த இறைச்சித் துண்டங்கள், ஓரத்தில் மூடி உடைந்த ஒரு நீல ஃபிளாஸ்க். அக்கா அந்தப் படத்தைப் பார்த்துத்தான் "போனா இந்த வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள். அந்த நீல ஃபிளாஸ்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் நாம் நாகாலாந்துக்குள் போக இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி வேண்டும். 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. முன்பு திமாப்பூருக்கு மட்டும் விலக்கு இருந்தது, 2019 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். போட்டோ, ஆதார் இருந்தால் போதும், கட்டணமும் சொற்பம். எங்களிடம் தலைக்கு 1,500 வாங்கிய மனிதர் விண்ணப்பமே போடவில்லை. "பிடிஎஃப் அனுப்புங்க" என்று நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் "டிரைவர் கையில பிரிண்ட் இருக்கும் சார்" என்றார். டிரைவர் கையில் எங்கள் பெயர் எழுதிய அட்டை மட்டும்தான் இருந்தது, அதிலும் அத்தான் பெயர் தப்பு.

கோஹிமா போகும் வழியில் சுமுகெடிமா செக்போஸ்டில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். போலீஸ்காரர் அதட்டவில்லை, பரிதாபமாகத்தான் பார்த்தார். இந்த சீசனில் தினமும் எங்களை மாதிரி யாராவது வருவார்களாம். திரும்ப திமாப்பூருக்கே போய், ரயில்வே ஸ்டேஷன் பின்னால் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து, என் போனிலேயே நாலு பேருக்கும் விண்ணப்பம் போட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெர்மிட் வந்தது. முதல் நாள் அவ்வளவுதான். அந்த லாட்ஜ்தான் எங்கள் "பாரம்பரிய நாகா வீடு" என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு ராத்திரி ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், மீதிப் பணத்தைக்கூட ரிசப்ஷனில் நின்றபடியே ஜிபேயில் அனுப்பினேன். ஒரு தனிமனிதர் கணக்குக்கு. கம்பெனி கணக்கு ஏன் இல்லை என்று கேட்கும் புத்தி அப்போது வரவில்லை.

திமாப்பூரிலிருந்து கோஹிமா எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், அங்கிருந்து கிசாமா இன்னும் பன்னிரண்டு. மேப்பில் பார்த்தால் பெரிய தூரமில்லை. மலைப்பாதை, விழா நெரிசல், ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. ஆட்டங்கள் காலை பத்து மணிக்கே தொடங்கிவிடும். அது மட்டுமில்லை, டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், நம் ஊர் கணக்கில் சாயங்காலம் என்று ஒன்றே கிடையாது. நாங்கள் பார்த்ததெல்லாம் கடைசி ஒரு மணி நேரம். ஒரு குழு ஆடி முடித்து, தலைப்பாகைகளைக் கழற்றி அரிசிச் சாக்குகளில் பத்திரமாக அடுக்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரியவர் கழுத்துப் பாசிமணிகளை எண்ணி எண்ணி ஒரு துண்டில் முடிந்துகொண்டிருந்தார், ஒரு மணி விடாமல். நான் பார்த்த ஹார்ன்பில் விழாவின் முதல் காட்சி அதுதான். அப்புறம் மூன்று மணி நேரம் இருட்டில் திரும்ப திமாப்பூர் லாட்ஜுக்கு. பேக்கேஜ் விற்ற ஒருங்கிணைப்பாளருக்கு போன் போட்டால் "கோஹிமால ரூம் ஃபுல் சார், ஒரு நாள் பொறுத்துக்கோங்க".

இப்போது லோங்வா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய மோசடியே அதுதான். லோங்வா இருப்பது மோன் மாவட்டத்தில், மாநிலத்தின் வடக்கு மூலை. கொன்யாக் மக்களின் ஊர். அங்கே ஆங் எனப்படும் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுவது உண்மைதான். ஆனால் கோஹிமாவிலிருந்து மோன் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழக்கமாக அஸ்ஸாமுக்குள் இறங்கி, சமவெளியில் ஓடி, சோனாரி பக்கம் மறுபடி மலையேற வேண்டும். போகவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மோனிலிருந்து லோங்வா இன்னும் நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை. காலையில் போய் மாலையில் திரும்புவதாக எழுதியவன் மேப்பைப் பார்க்காதவனாக இருக்க வேண்டும், இல்லை நாங்கள் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும். இரண்டாவதுதான். வீட்டில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் போனைத் தட்டியிருந்தால் அந்தப் பொய் எனக்கே தெரிந்திருக்கும். இருபது வருடம் வங்கியில் கடன் விண்ணப்பங்களைத் துருவித் துருவிப் பார்த்தவன் நான்.

6-ம் தேதி காலை எட்டு மணிக்கு "லோங்வா ட்ரிப்" கிளம்பியது. ஒன்பதே முக்காலுக்கு "வந்துடுச்சு" என்றார் டிரைவர். ஒரு பிக்னிக் ஸ்பாட். மூங்கில் குடிசைகள் மூன்று, வாசலில் பெயிண்ட் அடித்த பிளாஸ்டர் மிதுன் (அந்தப் பக்கத்து மலை மாடு) தலை, உள்ளே போக தலைக்கு நூறு ரூபாய். வேஷம் கட்டிய பையன் ஒருவன் ஈட்டியோடு வந்து நின்றான். தலையில் பிரம்புத் தொப்பி, அதில் வெள்ளை கறுப்பு இறகு, பிளாஸ்டிக். கீழே கால்பந்து ஜெர்சி. அக்காதான் அவனிடம் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "நீ கொன்யாக்கா தம்பி?" என்று கேட்டாள். அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நான் சுமி இனம், ஆன்ட்டி. இங்கே காலேஜில் படிக்கிறேன். ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய் கொடுக்கிறார்கள்." அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "கொன்யாக் தாத்தாக்களுக்கு முகத்தில் பச்சை குத்தியிருக்கும். எனக்குப் பாருங்கள், பரு மட்டும்தான்" என்றான். அந்தப் பையன் மேல் எங்களுக்குத் துளி கோபமில்லை, அந்தப் பயணத்தில் காசு வாங்கிக்கொண்டு எங்களிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவன்தான். (ஒரு விஷயம், பிளாஸ்டிக் இறகைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்காதீர்கள். இருவாச்சி, அதாவது ஹார்ன்பில், பாதுகாக்கப்பட்ட பறவை. விழாவிலேயே பலர் செயற்கை இறகுதான் வைக்கிறார்கள், அதுதான் சரியும்கூட. எங்கள் ஏமாற்று இறகில் இல்லை, இடத்தில்.)

அன்று மதியம் ஒருங்கிணைப்பாளரோடு சண்டை. முதலில் "ரோடு பிளாக் சார்" என்றார், அப்புறம் "கல்ச்சுரல் எக்ஸ்பீரியன்ஸ் ஒண்ணுதானே சார்" என்றார், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. அத்தான் அதிகம் பேசாத மனிதர். முதல் நாளிலிருந்து "சைவச் சாப்பாடு ஏற்பாடு உண்டு" என்ற வாக்குறுதியின் பேரில் பிரெட்டும் ஜாமுமாகத் தின்றுகொண்டிருந்தார். அவரே அன்று "அந்த ஆளை எங்கிட்ட குடு" என்று போனைப் பிடுங்கினார். டிரைவருக்கும் ஐந்து நாள் வாடகையில் ஒரு நாள் காசுதான் வந்திருந்ததாம். டீசலுக்கு நாங்கள் போட்டோம். மறுநாள் அவராகவே, "இனிமேல் அவர் சொல்லும் இடத்துக்கு வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள், போகலாம்" என்றார்.

7-ம் தேதி ஞாயிறு. எங்கள் திட்டத்தில் அன்று "கோஹிமா மார்க்கெட்டில் ஷாப்பிங்". கோஹிமாவில் ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும், ஊரே சர்ச்சில் இருக்கும். இது தெரியாதவன்தான் "பத்து வருட அனுபவம்" என்று போட்டிருந்தான். நேரே கிசாமா போனோம். ஒவ்வொரு இனத்துக்கும் அங்கே ஒரு மொருங் கட்டி வைத்திருக்கிறார்கள். மொருங் என்றால் அந்தக் காலத்தில் ஊர் இளைஞர்கள் சேர்ந்து தங்கி, தொழிலும் சண்டையும் கதையும் பாட்டும் கற்றுக்கொண்ட பெரிய வீடு. அங்காமி இனத்தின் மொருங்கில் சாப்பிட உட்கார்ந்தபோது, பரிமாறிய பெண்ணிடம் அக்கா சும்மா அந்த அடுக்களைப் படத்தைக் காட்டினாள். "இப்படி ஒரு வீடு எங்கேயாவது இருக்கா?" அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பெரியம்மா வீடாச்சே!" என்றாள்.

கிக்வேமா. கிசாமாவுக்கு அடுத்த ஊர், கிசாமா என்ற பெயரிலேயே அந்த ஊர் பாதி இருக்கிறது (கிக்வேமா, பெசாமா இரண்டும் சேர்ந்ததுதான் கிசாமா). நாங்கள் போனபோது வீட்டில் யாரும் இல்லை, சர்ச். வாசல் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரல் 4 அன்று மதியம் 3 மணிக்கு ஜப்பானியப் படை இந்த ஊருக்குள் வந்தது என்று ஒரு வீட்டில் தேதியும் நேரமுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். போருக்கு வந்தவன்கூட இன்ன நேரத்துக்கு வந்தான் என்று கணக்கு இருக்கிறது, காசு கட்டிய எங்களுக்குத்தான் நேரமும் இல்லை இடமும் இல்லை என்று மனைவி சொன்னாள்.

அந்த அம்மா வந்து கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அடுப்பு ஓரத்து நீல ஃபிளாஸ்க். அதே உடைந்த மூடி. எங்கள் போனில் தன் அடுக்களையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த மனிதர் செப்டம்பரில் போன் செய்து, வாடகையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி இரண்டு நாள் பேரம் பேசி, "படம் அனுப்புங்கள், கெஸ்ட்டுக்குக் காட்ட வேண்டும்" என்று வாங்கிக்கொண்டு, அதோடு காணாமல் போயிருக்கிறார். வீடு அன்று ஏற்கெனவே நிறைந்திருந்தது. விழா நாட்களில் அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் மாதக்கணக்கில் முன்பே பேசி முடிந்துவிடும். இருந்தும் தன் மகள்கள் அறையைக் காலி செய்து பெண்களுக்குக் கொடுத்தார், நானும் அத்தானும் அடுக்களைக்குப் பக்கத்தில் படுத்தோம். அத்தானுக்குச் சுடுசோறு, வேகவைத்த கடுகுக்கீரை, சுட்ட தக்காளியும் ராஜா மிளகாயும் இடித்த சட்னி. கண்ணில் நீர் வழிய வழிய மூன்று தடவை சோறு வாங்கினார். எனக்கு அகுனி போட்ட பன்றிக்கறி. புளிக்கவைத்த சோயா, வாசனையைப் பற்றி நிறையப் பயமுறுத்தியிருந்தார்கள், கருவாட்டுக் குழம்போடு வளர்ந்த மூக்குக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

8, 9 இரண்டு நாளும் காலை ஒன்பதரைக்கே மைதானத்தில் இருந்தோம். அந்த இரண்டு நாளுக்கு அங்கே ஆன செலவு, டிரைவருக்குக் கொடுத்ததையும் சேர்த்து, நாலு பேருக்கும் 15,000-க்குள். முன்பே கட்டிய 1,86,000 எதற்குக் கொடுத்தோம் என்று இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.

போக நினைப்பவர்கள் போங்கள், அருமையான இடம். விழா வருடா வருடம் டிசம்பர் 1 முதல் 10 வரை, தேதி மாறாது, அதனால் ஆகஸ்டிலேயே தங்குமிடம் பார்த்துவிடலாம். எவன் எந்தப் படம் அனுப்பினாலும், அந்த வீட்டுக்காரர் நம்பரை வாங்கி நீங்களே ஒரு தடவை பேசிவிடுங்கள், நம்பர் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பெர்மிட்டை நீங்களே எடுங்கள். திமாப்பூரிலிருந்து கோஹிமாவுக்கு ஷேர் டாக்ஸி தாராளமாகக் கிடைக்கும். லோங்வா ஆசை இருந்தால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அஸ்ஸாமில் திப்ருகர் அல்லது ஜோர்ஹாட்டில் இறங்கி சோனாரி வழியாக, குறைந்தது இரண்டு மூன்று இரவு. ஏப்ரல் முதல் வாரத்தில் அங்கே கொன்யாக் மக்களின் ஆவ்லியாங் விழாவும் நடக்கும்.

எங்கள் பணம் என்ன ஆச்சு என்றால், ஊர் திரும்பியதும் 1915 என்ற எண்ணுக்கு போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். மூன்று வாரத்தில் "நல்லெண்ண அடிப்படையில்" 35,000 திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, அந்த பிக்னிக் ஸ்பாட்டின் நூறு ரூபாய் டிக்கெட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நேற்று வேறொரு பெயரில், வேறொரு நம்பரிலிருந்து, இந்த வருட ஹார்ன்பில் விளம்பரம் ஒன்று எங்கள் அபார்ட்மென்ட் குரூப்புக்கு வந்தது. ஏழு படங்கள். நாலாவது படத்தில் அடுப்பு ஓரமாக நீல ஃபிளாஸ்க். கிக்வேமா அம்மாவுக்கு அனுப்பி வைத்தேன். "அந்த ஃபிளாஸ்கை ஜனவரியிலேயே தூக்கிப் போட்டுவிட்டோம்" என்று பதில் வந்தது.