சூழல் மானிடவியல் களப்பயிற்சி: நான்கு வாரம் இருந்து பார்த்தது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவரின் மகள் நான். தாவரவியல் பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு நர்சரியில் கணக்கு எழுதினேன். போன ஜூன் மாதம், நம் குமரி மாவட்டத்திலேயே ஒரு சிறு தொண்டு நிறுவனம் நடத்தும் சமூகம் சார்ந்த சூழல் மானிடவியல் களப்பயிற்சியில் சேர்ந்தேன். நான்கு வாரம், மொத்தம் 14 பேர், சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து 12,000 ரூபாய். அதிலிருந்து, சேரலாமா என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு போனாவது வருகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிடுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கேட்கிறவர்களுக்கு எது என்று தெரியும்.

இது என்ன படிப்பு என்று அப்பா கேட்டார். கடலையோ காட்டையோ குளத்தையோ நம்பிப் பிழைக்கிறவர்கள் அதை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார்கள், யாருக்கு எதில் பங்கு, எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது, இதையெல்லாம் அவர்கள் கூடவே இருந்து கற்றுக்கொள்வது என்றேன். "அப்போ பால்வெட்டுக்கும் உண்டா?" என்றார். உண்டு.

முதல் பத்து நாள் முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். மலையோரத்தில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் சாளை மீனும் புளிமுளம் என்கிற மீன் குழம்பும்தான். ஜூன் மாதம் வைத்தது நல்ல முடிவு. கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற காலம், கடல் கொந்தளிப்பு. விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக்கூடாத தடைக்காலமும் அப்போதுதான். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் உண்டு என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆட்கள் கரையில் இருந்தார்கள், பேச நேரம் இருந்தது.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் எழுபது தாண்டிய ஒரு தாத்தா. கட்டுமரத்தில் தொடங்கி வள்ளம் வரை ஓட்டியவர். கணியம் சொல்லிக்கொடுத்தார். கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். நடுக்கடலில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாருக்கு மேலே வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிற கணக்குதான் கணியம். மணலில் ஒரு குச்சியை நட்டு இது கோயில் கோபுரம் என்றார். அதற்குப் பின்னால் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து இது மலை என்றார். என்னைத் தரையோடு தரையாகக் குனிந்து பார்க்கச் சொல்லி, அப்படியே பின்னால் நகரச் சொன்னார். நகர நகர, குச்சி சின்னதாகிக்கொண்டே வந்தது. சிரட்டை அதன் உச்சிக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. கோபுரத்துக்கு மேலே மலை எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து, கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கத்தை வைத்து ஒரு கோடு. இரண்டும் சந்திக்கிற இடம் பார்.

இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "எழுதினத வாசி மக்களே." வாசித்தேன். நான் மலை தாழும் என்று எழுதியிருந்தேன். "தாழுறது கோபுரம். மலை எழும்பும்லா. இப்படி எழுதி வச்சா, இத வாசிச்சிட்டுப் போறவன் பாருக்கும் போக மாட்டான், கரைக்கும் வர மாட்டான்." அன்றைக்கு அந்தப் பக்கத்தை மூன்று முறை திருத்தினேன். என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு மாலையில் இருக்கிறது. நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் முன்னால் வாசித்துக் காட்டவேண்டும், அவர் திருத்தவேண்டும்.

இன்னொரு நல்ல விஷயம், தாத்தாவுக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய் கொடுத்தார்கள். கணக்கு நோட்டில் அவர் பெயருக்கு நேரே "ஆசிரியர்" என்றே எழுதியிருந்தது. நான் கேட்டுப் பார்த்தேன்.

ஆனால் அதே வாரத்தில்தான் எனக்கு மனசு பொறுக்காததும் நடந்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. நேர்காணல் எடுத்துப் பழகுவதற்காக, அந்தப் புயலில் கணவரைப் பறிகொடுத்த ஒரு அக்காவிடம் எங்களை அழைத்துப் போனார்கள். ஐந்து பேர் ஆளுக்கொரு செல்போனில் பதிவு செய்தோம். அவர் சொல்லச் சொல்ல, எத்தனையோ தடவை சொன்ன கதை என்பது எங்களுக்கே தெரிந்தது. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதுகூடப் பழகிப்போயிருந்தது. பழகுவதற்கு வலை பின்னுவதைப் பற்றிக் கேட்கலாம், மீன் ஏலத்தைப் பற்றிக் கேட்கலாம். ஒரு பெண்ணின் துக்கத்தை வைத்துப் பயிற்சி எடுக்கக்கூடாது. கடைசி நாள் கருத்துப் படிவத்தில் இதைத்தான் எழுதினேன். அடுத்த அணியில் அந்த வகுப்பு இருந்தால் தயவுசெய்து நீங்களும் மறுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த பத்து நாள் பேச்சிப்பாறை. அணையைக் கடந்து வள்ளத்தில் போய், அட்டைக் கடியோடு நடந்தால் காணிக்காரர் என்கிற பழங்குடி மக்களின் குடியிருப்பு. மரச்சீனி (மரவள்ளி), நல்லமிளகு, ரப்பர் எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான் என்ற எண்ணத்தோடு போனேன். நான் களை என்று பிடுங்கிப் போட்ட ஒரு செடியை ஒரு பாட்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தேன்.

அங்கே மூட்டுக்காணிதான் ஊர்த் தலைவர். நிறுவனம் சம்மதப் படிவம் ஒன்றை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தது. இது பெரிய குறை. அவர் கையெழுத்துப் போடவில்லை. "இதுல என்ன எழுதியிருக்கு, எங்ககிட்ட இருந்து எத எடுத்துட்டுப் போவிய, அத மொதல்ல சொல்லுங்க" என்றார். நாங்கள் உட்கார்ந்து தமிழில் சொல்லி முடிக்க ஒரு முழு காலை ஆனது.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் அன்று ராத்திரி வகுப்பில் புரிந்தது. 1987-இல் இதே அகத்தியமலைத் தொடரில், கேரளப் பக்கம், ஆய்வுக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத் தொகைக்கும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தது. கிடைப்பதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவு. அதைப் பெற்றுக்கொள்ள ஒரு அறக்கட்டளை 1997-இல்தான் பதிவானது. உலகமெங்கும் இதை முன்னோடி என்று பேசுகிறார்கள். சரிதான். ஆனால் அறிவு முதலில் வெளியே போனது, பங்கு பேச்சு பிறகு வந்தது. இந்த ஒரு வகுப்பை மட்டும் தனியாகவே நடத்தலாம், அவ்வளவு நன்றாக இருந்தது.

தேரூர் குளத்துக்கு ஒரே நாள் ஒதுக்கினார்கள், போதாது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது என்று சொல்லிப் பறவைகளைக் காட்டியதோடு சரி. குளத்தில் தாமரை எடுக்கிறவர், மீன் வளர்க்கிறவர், வயலுக்குத் தண்ணீர் வேண்டுகிறவர், பறவைக்காகப் பேசுகிறவர் என்று நாலு தரப்பு இருக்கிறது. மானிடவியல் அங்கேதானே இருக்கிறது.

தங்குமிடம் பற்றி: பெண்களுக்குத் தனி அறை, பூட்டோடு கழிப்பறை, பயம் இல்லை. மலையில் மட்டும் பாயும் போர்வையும் நீங்களே கொண்டுபோங்கள். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரியே.

அப்புறம் வேலை. நோட்டீஸில் "வேலைவாய்ப்பு உறுதி" என்று போட்டிருந்தார்கள். அதை நம்பிக் கடன் வாங்கிச் சேராதீர்கள். எங்கள் 14 பேரில் எனக்கும் இன்னொரு தம்பிக்கும்தான் இந்தத் துறையில் வேலை கிடைத்தது. நான் ஆறு மாத ஒப்பந்தத்தில் களப் பணியாளர், மாதம் 18,000 ரூபாய். ஊரில் உள்ள செடிகொடி, உயிரினங்கள், அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தகவல் சேகரிக்கிறேன். 2002-ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வருகிற வேலை இது. 2006 வன உரிமைச் சட்ட மனுக்களுக்கு வரைபடம் தயாரிப்பது, 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு வீடு வீடாகப் போவது என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. எல்லாமே பெரும்பாலும் ஒப்பந்தம். நிரந்தரமாக நிற்க வேண்டுமென்றால் எம்.ஏ. மானிடவியல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் துறை இருக்கிறது, புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. நான் அடுத்த வருடம் விண்ணப்பிக்கப்போகிறேன். இந்த நான்கு வாரம் இல்லாவிட்டால் அப்படி ஒரு துறை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

சேருங்கள் என்றுதான் சொல்வேன். சேருகிற அன்றே ஒன்று கேளுங்கள்: நாங்கள் எழுதுவது எப்போது அந்த ஊருக்குத் தமிழில் திரும்பிப் போகும்? எங்களிடம் ஒரு மாதத்தில் அச்சடித்துக் கொடுப்போம் என்றார்கள். எட்டு மாதமாகியும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் நோட்டை நானே நகல் எடுத்து, பஸ் ஏறிப் போய்த் தாத்தாவிடம் கொடுத்தேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பேரன் வாசிக்க, திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். வாடைக்காற்று என்று நான் எழுதியிருந்த இடத்தில் கொண்டல் காற்று என்று மாற்றவேண்டுமாம். பேரன் பேனாவை எடுத்து அடித்துத் திருத்திவிட்டு மேலே வாசித்தான்.