சீமாறு, ஈரத்துணி, மாப், வேக்குவம்: ஆடிப் புழுதிக்கு எது சரி?

ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காலையில் கூட்டின தரை மதியத்துக்குள் மறுபடி நறநறக்கும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், வீடு கூட்டுகிறவர்களுக்குத் திண்டாட்டம். திருப்பூர், சோமனூர் வட்டாரம் என்றால் தறிக்குடோனிலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் வரும் பஞ்சுத் துகளும் சேர்ந்துகொள்ளும். இதை எடுக்க நம் வீடுகளில் இருப்பது நாலு வழி: காய்ந்த சீமாறு, ஈரத்துணியால் கூட்டுவது, வாளியும் மாப்பும், வேக்குவம் கிளீனர். தினப்படி வேலைக்கு என் ஓட்டு ஈரத்துணிக்குத்தான். அது தோற்கிற இடங்களும் உண்டு.

ஈரத்துணியால் கூட்டுவது வேறு, மாப் போடுவது வேறு. தண்ணீர் சொட்டாத அளவுக்கு ஒட்டப் பிழிந்த துணியைத் தட்டை மாப்பிலோ பூந்துடைப்பத்தின் மேலோ சுற்றி, தரையோடு தள்ளிக்கொண்டு போவதுதான் இது. கறையைக் கழுவுவது இதன் வேலை இல்லை, தூசியைப் பறக்கவிடாமல் பிடிப்பதுதான். வாசலைத் தண்ணீர் தெளிக்காமல் கூட்டினால் வீட்டுப் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். அதே பெரியவர்கள் வீட்டுக்குள் காய்ந்த துடைப்பம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்!

சீமாற்றின் குறை வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் நின்றால் தெரியும். கூட்டக் கூட்ட, பெரிய குப்பை முன்னால் போகிறது, மெல்லிய தூசி மேலே எழும்புகிறது. அதில் மிக நுண்ணியது மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, பிறகு டிவி மேலும் பாத்திர அலமாரி மேலும் உட்காரும். வீசிங் இருக்கிற குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும், காய்ந்த துடைப்பத்தை ஓரங்கட்ட. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் இருக்கிற இடத்தில் காய்ந்த துடைப்பம் வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். புதுப் பூந்துடைப்பம் என்றால் இன்னொரு தொல்லை, அதன் பூவே உதிர்ந்து கொஞ்ச நாளைக்குத் தனிக் குப்பை போடும்.

ஆனாலும் சீமாற்றைத் தூக்கிப் போட முடியாது. வாசப்படி ஓரம் மணல் குவிந்து கிடக்கிறது, பக்கத்துச் சைட்டில் கட்டட வேலை நடக்கிறது என்றால் எடுத்த எடுப்பில் ஈரத்துணி போடக் கூடாது. சேறாகிக் கோடு கோடாக இழுக்கும். அதைவிட முக்கியம், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கல்லின் கடினம் மோஸ் அளவில் (கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்வது) 7, மார்பிளின் கடினம் 3 தான். மணலை ஈரத்துணிக்கு அடியில் வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான், மார்பிளும் மொசைக்கும் பாலிஷ் இழக்கும். முதலில் மணலை மெதுவாகக் கூட்டி முறத்தில் அள்ளிவிட்டு, அப்புறம் ஈரத்துணி.

மாப் விஷயத்துக்கு வருவோம். "ஏனுங்க்கா, தண்ணி ஊத்தாமத் தொடைச்சா வீடு சுத்தமாகுமாங்?" என்று வேலைக்கு வரும் அம்மணி கேட்பது நியாயமான கேள்விதான். அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பார் சிந்தின இடம், மழைக்காலச் சேற்றுக் கால் இதற்கெல்லாம் ஈரத்துணி உதவாது. சோப்புத் தண்ணியும் மாப்பும்தான் வேண்டும். ஆனால் புழுதியைக் கூட்டாமலே மாப் போட்டால், முதல் அறையின் அழுக்கைக் கடைசி அறை வரைக்கும் கொண்டுபோய்ப் பூசுவதுதான் நடக்கும். ஒரே வாளித் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு சிக்கல் போர் தண்ணி. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. உப்புப் போர் இருக்கிற வீட்டில் கறுப்பு கிரானைட்டை மாப் போட்டுக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படலம் நிற்கும். தண்ணீர் ஆவியாகிறது, சுண்ணாம்புச் சத்து தரையிலேயே தங்குகிறது. ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் மாப்புக்கு எடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், படலமும் கூடும். ஈரத்துணி விடுகிற தண்ணீரோ கொஞ்சம்தான், ஒன்றிரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். படலம் பெரிதாக நிற்காது, வயசானவர்கள் வழுக்கி விழுகிற பயமும் குறைவு. படலம் போக ஆசிட் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மார்பிள், மார்பிள் சில்லு போட்ட மொசைக், கோட்டா கல் மூன்றையும் ஆசிட் அரிக்கும், எலுமிச்சையும் வினிகரும்கூட. காவித் தரைக்கும் ஆகாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து.

வேக்குவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோபா அடி, கட்டில் அடி, ஜன்னல் சட்டத்துப் பள்ளம், அங்கெல்லாம் அதுதான் ராஜா. நல்ல வடிகட்டி இல்லாத மெஷின் என்றால் மெல்லிய தூசியைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். சீமாற்றுக் கதையேதான், கரண்ட் பில்லோடு. தானே ஓடும் ரோபோ மெஷின் நம் பழைய வீட்டு உயர்ந்த வாசப்படிகளில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, துணி எது? மைக்ரோஃபைபர் நன்றாகப் பிடிக்கும். கம்பர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவத்தில் மட்டும் அலசக் கூடாது, இழைமேல் படிந்து பிடிமானம் போய்விடும். காசு போட வேண்டாம் என்றால் திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் போதும். வெள்ளையாகப் பொறுக்கி எடுங்கள், சாயம் போட்டது ஈரத்தில் கலர் விடலாம். பழைய காடாத் துணியும் ஆகும், நாலைந்து முறை துவைத்துக் கஞ்சி போன பிறகு.

ஃபேனை நிறுத்திவிட்டு, உள் அறை மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கி வாருங்கள். துணியைத் தரையிலிருந்து தூக்காமல் வளைத்து வளைத்துத் தள்ள வேண்டும், தூக்கினால் பிடித்த தூசி உதிரும். ஒரு பக்கம் கறுத்ததும் மடித்து மறுபக்கம். முடிந்ததும் துணியை உதறாமல் வாளியில் போட்டு அலசுங்கள். வாஷ்பேசினில் அலசினால் முடியும் பஞ்சும் போய்ப் பைப்பை அடைக்கும். பினாயில் கலக்காத அலசின தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிடலாம்.