610 கிலோ, நான்கு சீசன்: கராஜில் கட்டிய கிட் காருடன் என் அனுபவம்

பழைய காரின் பாகங்களைக் கொண்டு நானே கட்டிய இந்தக் காரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கட்ட எவ்வளவு ஆச்சு?" என்றுதான். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரே ஒரு தடவை கையைக் கடிக்கிற தொகை. ட்ராக் டேக்கு, அதாவது கட்டணம் கட்டி ரேஸ் சர்க்யூட்டில் சொந்தக் காரை ஓட்டும் நாளுக்கு, போகிறவனைத் திரும்பத் திரும்பக் கடிப்பது டயர், பிரேக் பேட், பெட்ரோல் மூன்றும்தான். இது எனக்குப் புரிய ஒரு ஹாட் ஹேட்ச்பேக்கும் மூன்று வருடமும் செலவாயின.

நான் இருப்பது இங்கிலாந்தில், நார்தாம்ப்டன்ஷையரில். முன்பு வைத்திருந்த கார் ஏறத்தாழ 1,300 கிலோ. நல்ல வேகம், வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே சர்க்யூட்டுக்குப் போய்த் திரும்பலாம். ஆனால் மூன்று ட்ராக் டேயில் முன் டயர்கள் இரண்டும் தோள்பட்டை தேய்ந்து வழுக்கையாகிவிடும். பேடும் கூடவே போகும். நாள் கட்டணம் 200 பவுண்டு என்றால், தேய்மானம் அதைத் தாண்டி நின்றது. எடைதான் வில்லன் என்று தெரிந்த பிறகு, எடையே இல்லாத காரைத் தேட ஆரம்பித்தேன்.

அந்தத் தேடல் இந்த நாட்டில் எல்லாரையும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். கதவு கிடையாது, கூரை கிடையாது. குழாய்க் கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். 1973-ல் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் இன்றும் அதே வடிவத்தைச் செய்கிறது. பழைய கேட்டர்ஹாம் விலையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். அதற்கு மாற்று ஏற்கெனவே இருந்தது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து 250 பவுண்டில் இப்படியொரு காரைக் கட்டலாம் என்று புத்தகமே எழுதினார். அப்படிக் கட்டும் கார்களுக்கு லோகாஸ்ட் என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று 250 பவுண்டுக்கு ஒரு செட் டயர்கூட சந்தேகம். அந்த எஸ்கார்ட்டும் இப்போது சேகரிப்பாளர்கள் சண்டை போட்டு வாங்கும் பொருளாகிவிட்டது.

அதனால் என் டோனர் கார், அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய கார், ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5. 1992 மாடல், 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன். இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரியான கார் அது. எஞ்சின் முன்னால், டிரைவ் பின்னால், நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் கை) சஸ்பென்ஷன். எல்லாவற்றையும்விட முக்கியம், இதற்கு வியாதி உடம்பில்தான், உறுப்புகளில் இல்லை. கதவுக்குக் கீழே சில் பகுதி துரு தின்று இங்கே வருடாவருடம் நடக்கும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் தோற்றுவிடும், எஞ்சினும் கியர்பாக்ஸும் கல்லு மாதிரி இருக்கும். 700 பவுண்டுக்கு வாங்கினேன். கழற்றி மாட்டும் கூரையான ஹார்ட்டாப் மட்டும் 550-க்குப் போனது. கதவு, சீட், விளக்கு, பானெட் என்று விற்க விற்க, கடைசியில் கார் இலவசமாகக் கிடைத்த கணக்கு. எனவே ஹார்ட்டாப்போடு இருக்கும் டோனரைத் தேடுங்கள், முந்நூறு கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

சேஸியை ரெடிமேடாக வாங்கியிருக்கலாம். 25 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப்பை வாங்கி நானே வெல்டிங் செய்தேன். காரணம் சிக்கனம் பாதி, வீம்பு பாதி. அப்பா கோயம்புத்தூரில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த ஊர்க்காரனுக்கு இந்த ஆசை புதிதும் இல்லை. மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்து, காசு குறைவான பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டிய கரிவரதன் எங்கள் ஊர்தான். செட்டிப்பாளையத்தில் ட்ராக்குக்கே அவர் பெயர். வீடியோ காலில் என் மிக் வெல்டரைப் பார்த்த அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கண்ணு, மொதல்ல எல்லாத்தயும் பொட்டுப் பொட்டா டேக் அடி. மூலைமட்டம் வெச்சுப் பாரு, குறுக்களவு எடு. அப்புறம் மாத்தி மாத்திப் பத்த வை. ஒரு பக்கமா ஓட்டீராத."

நான் ஒரு பக்கமாக ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கை நன்றாக வந்துவிட்டது என்ற திமிரில் இடது பக்கக் கீழ்ப்பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தேன். மறுநாள் காலையில் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்தால் இரண்டுக்கும் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம். சூடேறின பக்கம் ஆறும்போது சுருங்கி, கூட்டையே இழுத்துவிட்டது. ஆறு மில்லி என்பது சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஆனால் விஷ்போன் பிராக்கெட் அதில்தான் உட்கார வேண்டும். கிரைண்டரை எடுத்து ஏழு இணைப்பை அறுத்து, மறுபடி டேக் அடித்து, இந்த முறை கோலம் போடுகிற மாதிரி அங்கொன்று இங்கொன்றாகப் பற்றவைத்தேன். மூன்று வாரம் போனது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எட்டு மாதத்தில் முடிப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன். இருபத்தாறு மாதம் ஆனது. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாருடன், ஹார்னெஸ் பெல்ட்டுடன், ஃபைபர் கிளாஸ் மூக்குடன் எல்லாம் சேர்த்து 4,900 பவுண்டு. பழைய டிரெய்லர் தனியாக 600. ரோல் பாரில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ரோல் பார் உச்சியிலிருந்து முன்பக்கம் டாஷுக்கு மேலே ஒரு துடைப்பக் குச்சியை நேராக வைத்தால், ஹெல்மெட் போட்ட தலை அதைத் தொடக் கூடாது. என் தலை தொட்டது. சீட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, தரையில் மெல்லிய ஃபோம் விரித்து உட்கார்கிறேன்.

ரோட்டில் ஓட்ட இதைப் பதிவு செய்யவில்லை. அதற்கு ஐ.வி.ஏ. என்ற ஒற்றை வாகன ஒப்புதல் தேர்வு உண்டு. 100 மில்லிமீட்டர் பந்து ஒன்று தொடக்கூடிய வெளி விளிம்பெல்லாம் குறைந்தது 2.5 மில்லி ஆரத்தில் மழுங்கியிருக்க வேண்டும் என்ற அளவுக்குப் பார்ப்பார்கள். ஒவ்வொரு போல்ட் தலைக்கும் தொப்பி போடும் பொறுமை எனக்கு இல்லை. ட்ராக்குக்கு மட்டும் என்று முடிவெடுத்ததில் மாதக்கணக்கில் வேலை மிச்சம். அதற்கு விலை டிரெய்லர். 1997-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்களுக்குக் கனமான டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு தேவைப்பட்டது. 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், நான் தப்பித்தேன். டிரெய்லரை நிறுத்த இடம் இல்லாதவர்கள் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். என் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், அவ்வளவுதான் சொல்வேன்.

முதல் சீசன் முழுக்கக் கற்றுக்கொண்ட காலம். முதல் நாளே ஐந்தாவது சுற்றில் வெப்பமானி ஏறியது. மூக்கு தாழ்வாக இருப்பதால் ரேடியேட்டர் எஞ்சினைவிடக் கீழே உட்கார்ந்திருக்கிறது. உச்சியில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் சுற்றவே இல்லை. உயரத்தில் ஹெடர் டேங்க் என்ற சிறிய தண்ணீர்த் தொட்டி வைத்ததும் பாதி சரியானது. மீதிப் பாதி எஞ்சினின் பிறவிக் கோளாறு. முன்சக்கர டிரைவ் காருக்குக் குறுக்காக வைக்கச் செய்த எஞ்சினை மாஸ்டா நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, தண்ணீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் முன்பக்கமாகவே அமைந்துவிட்டது. பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் குளிர்ச்சி சரியாகப் போகாது. வெளியேறும் வழியை எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கத்துக்கு மாற்றும் வேலையை அந்தக் குளிர்காலத்தில் செய்தேன். அதற்குப் பிறகு முள் அசையவில்லை.

அடுத்தது சத்தம். இங்கே காலையில் எக்ஸாஸ்ட்டுக்கு அரை மீட்டர் தள்ளி மீட்டரைப் பிடித்து அளப்பார்கள். பல இடங்களில் 105 டெசிபெல் வரை விடுவார்கள். என் கார் 103. அந்தத் தைரியத்தில் 100 மட்டுமே அனுமதிக்கும் ஒரு சர்க்யூட்டுக்கு, விதியைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இரண்டரை மணி நேரம் டிரெய்லர் இழுத்துப் போய், ஒரு சுற்றுகூட ஓட்டாமல் பேக்கன் ரோல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போது பெரிய சைலன்சர், 97-ல் நிற்கிறது.

டயர் காற்று விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எம்எக்ஸ்-5-க்கு 26 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பதால் நானும் 26 வைத்தேன். கார் சோப்பு நுரைமேல் போகிற மாதிரி வழுக்கியது. நான் கட்டின சேஸி கோணலோ என்று இரண்டு ட்ராக் டே மண்டையை உடைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கேட்டர்ஹாம்காரர் ஒருவர் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, 18-க்கு இறக்கு என்றார். இறக்கினேன். அதே கார்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. 610 கிலோ காரின் டயருக்குச் சூடு ஏறவே எடை போதாது. காற்றும் அதிகமாக இருந்தால் சுத்தமாக ஏறாது.

பிரேக்குக்கு மிதியை லேசாக்கும் சர்வோ கிடையாது. முதல் பத்து நிமிடம் சுவரை மிதிப்பது போலிருக்கும், அப்புறம் கால் பழகிவிடும். மழையில் மட்டும் கவனம். முன்னால் எடை இல்லாததால் கொஞ்சம் அழுத்தினாலே முன்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. மழையைப் பற்றிப் பேச்சு வந்ததால்: நனைவீர்கள். உள்ளாடை வரை நனைவீர்கள்.

வேகம்? வளைவில் சிரிப்பாக வரும், நேர்கோட்டில் அழுகையாக வரும். ஸ்னெட்டர்ட்டன் சர்க்யூட்டில் பென்ட்லி ஸ்ட்ரெயிட் என்ற நேர்பாதை நீளமானது. மணிக்கு நூறு மைல் தாண்டியதும் காற்று கையை நீட்டித் தடுத்துவிடும்; செவன் வடிவம் காற்றில் ஒரு பீரோவைத் தள்ளிக்கொண்டு போவதற்குச் சமம். சற்றுமுன் வழிவிட்ட குடும்ப டீசல் கார்கூட எட்டிப் போகும். ஆனால் அவர்கள் பிரண்டில் வளைவுக்கு பிரேக் பிடித்த பிறகும் நான் பிரேக்கைத் தொடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். லேப் டைம் எடுப்பது ட்ராக் டேயில் தடை, அதனால் நம்பர் எதுவும் என்னிடம் இல்லை.

இனி முதலில் சொன்ன கணக்கு. 195/50 ஆர்15 டயர் ஒரு செட் பதினோரு ட்ராக் டே தாங்கியது. முன் பிரேக் பேட் மூன்று சீசன் ஓடி, போன இலையுதிர் காலத்தில்தான் மாற்றினேன். பழைய காரில் ஒரு நாளுக்கு எழுபது லிட்டர் பெட்ரோல் குடித்த இடத்தில் இப்போது நாற்பது. நான்கு சீசனில் இருபத்தி மூன்று நாள் ஓட்டியிருக்கிறேன். பழைய காரில் இதே நாட்களுக்கான டயர், பேட் செலவை எழுதிக் கூட்டினால், இந்தக் காரைக் கட்டிய செலவில் பெரும்பகுதி வந்துவிட்டது. உழைத்த மணிநேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அழுவேன்.

பழுதுகள் உண்டு. ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் சென்சாரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எண்ணெய் கசிந்தது. ரிங் சில்லறைக் காசு, கையை உள்ளே விடுவதுதான் பாடு. ரிவெட்டுகள் அதிர்வில் தளர்கின்றன. இரண்டாவது சீசன் முடிவில் டிஃபரன்ஷியல் பிராக்கெட்டில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது; தகடு வைத்துப் பலப்படுத்தினேன். எல்லா நட்டிலும் மஞ்சள் பெயின்ட்டால் கோடு இழுத்திருக்கிறேன், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படுத்துப் பார்ப்பேன். இந்தப் பத்து நிமிடம் சோம்பலாக இருக்கும் ஆள் இந்தக் கார் கட்ட வேண்டாம்.

போன மாதத்திலிருந்து இரண்டாவது கியர் கரகரக்கிறது. கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ போய்விட்டது. 150 பவுண்டுக்கு ஒரு பழைய எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸ் வாங்கி, கராஜில் இடமில்லாததால் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். "என்னங்க, இது எவ்வளவு நாளைக்கு இங்கே இருக்கும்?" என்று மனைவி கேட்டாள். இரண்டு வாரம் என்றேன். எட்டு மாதம் என்று சொன்ன ஆள்தானே என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன்மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்திவிட்டுப் போனாள்.